சிறு பறவைகளை ஒளிப்படம் எடுக்கும் கலை – ஓர் அறிமுகம்

முன்னுரை

வீட்டின் இறவாணத்தில் குடியிருக்கும் குருவியைக் குறுந்தொகையின் 46ஆம் பாடலில் மாமலாடனார் நமக்குக் காட்டுகிறார். அதன் குவிந்த சிறகுக்கு வாடிய ஆம்பற் பூவை உவமையாக்குகிறார். முற்றத்தில் உலரும் தானியத்தை அது தின்பதையும், ஊர்ப் பொதுவிடத்து எருவின் நுண்பொடியைக் குடைந்து ஆடுவதையும், பின்னர்த் தன் குஞ்சுகளுடன் இறவாணத்தில் தங்குவதையும் ஒரு சில அடிகளில் சொல்லி முடிக்கிறார். இன்றைய பறவையியலார் புழுதிக் குளியல் எனக் குறிக்கும் செயல், ஒரு தமிழ்ப் புலவரின் கண்ணில் அன்றே பதிந்துவிட்டது. இப்பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், அப்புலவர் எத்துணை நேரம் அசையாது நின்று அக்குருவியைப் பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்குத் தோன்றுவதுண்டு.

கையில் கருவியின்றி அவர் செய்ததைக் கருவி கொண்டு செய்ய முயல்வதே பறவை ஒளிப்படக் கலை. கொக்கு, நாரை போன்ற பெரும்பறவைகள் நின்று நிதானித்துப் படத்திற்கு இடங்கொடுப்பவை. தேன்சிட்டு, தையல்சிட்டு, கதிர்க்குருவி, பஞ்சுருட்டான், தகைவிலான் போன்ற சிறு பறவைகளோ ஓரிடத்தில் நில்லாதவை. அவற்றைப் படமெடுக்கும் முறைகளையும், அம்முறைகளுக்குள் அடங்கியிருக்கவேண்டிய அறத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொங்கு மண்ணும் பறவையியலும்

பறவைகளைப் பற்றிப் பேசுவதற்குக் கோவைக்குத் தனி உரிமை உண்டு. நகரின் வடமேற்கே, ஆனைகட்டி மலைச்சாரலில் சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் 1990இல் தொடங்கப்பெற்றது. இன்று அது இந்திய வனவுயிர் நிறுவனத்துடன் இணைந்து இயங்குகிறது. அம்மையம் யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அப்பெருமகனாரின் (1896–1987) வாழ்க்கை மாணவர்கள் அறியத்தக்கது. சிறுவயதில் அவர் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் திட்டு அவருக்குப் புதிதாக இருந்தது. உண்ணத் தகுந்த பறவைதானா என்ற ஐயத்துடன் அதைத் தம் மாமா அமிருத்தீன் தையாப்ஜியிடம் கொண்டுசென்றார். அவர் சிறுவனைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலர் மில்லார்டிடம் அனுப்பிவைத்தார். அங்கே வரிசையாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைக் கண்ட சிறுவனின் வாழ்க்கையே திசை திரும்பியது. பின்னாளில் தூக்கணாங்குருவியின் கூட்டு வாழ்க்கையை நாள்தோறும் மறைந்திருந்து பார்த்து, ஓர் ஆண்குருவி ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கட்டிப் பல பெடைகளுடன் வாழ்வதை அவர் எடுத்துக்காட்டினார். துப்பாக்கியில் தொடங்கி, பொறுமையான பார்வையில் நிறைவுற்ற வாழ்க்கை அது.

தமிழர்களுள் இக்கலைக்கு முன்னோடி மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைத் தாமே ஒன்றிணைத்துச் செய்துகொண்ட கேமராவைக் கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே படமெடுத்தவர். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை இயற்கை பற்றி எழுதிவந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் தொகுத்தளித்தவர், தாராபுரத்தில் பிறந்த சு. தியடோர் பாஸ்கரன். கோவைத் தமிழ்ப் பேராசிரியர் க. ரத்னம் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னும் நூலை நமக்கு அளித்துள்ளார். ஆகவே தமிழ் படித்தவர்க்கும் பறவைக்கும் என்ன தொடர்பு என்று எவரும் வினவ வேண்டியதில்லை.

கண்ணிமையும் ஷட்டரும்

தொல்காப்பியர் மாத்திரைக்கு அளவு கூறும்போது, இயல்பாகக் கண் இமைக்கும் நேரத்தையும் கைந்நொடிக்கும் நேரத்தையும் சுட்டினார். எழுத்தின் ஓசையை அளப்பதற்கு அவ்வளவு போதும். சிறு பறவையின் சிறகை அளப்பதற்கு அது போதாது. ஒரு சிறு கணக்கால் இதனை விளக்கலாம். (இங்கே நொடி என்பதை இன்றைய வழக்கின்படி செகண்டு என்ற பொருளில் ஆள்கிறோம்.)

ஒரு பறவை மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். ஒரு நொடியில் அது 10 மீட்டர் கடக்கிறது. கண்ணிமைக்கும் நேரம் கால் நொடி எனில், அதற்குள் இரண்டரை மீட்டர் சென்றுவிடும். கேமராவின் ஷட்டர் நொடியில் 60இல் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தால், பறவை ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். தேன்சிட்டின் உடல் நீளமே ஏறக்குறைய 10 சென்டிமீட்டர்தான். அப்படியானால் படத்தில் விழுவது பறவையன்று, ஒரு தீற்றல். ஷட்டர் வேகத்தை 1000இல் ஒரு பங்காக உயர்த்தினால் நகர்வு ஒரு சென்டிமீட்டராகவும், 2000இல் ஒரு பங்காக உயர்த்தினால் அரை சென்டிமீட்டராகவும் குறைகிறது. அதாவது ஒரு கண்ணிமைப் பொழுதை 500 கூறுகளாக்கி, அவற்றுள் ஒன்றைக் கைப்பற்றுகிறோம்.

உடல் நகர்வதைவிடச் சிறகு விரைந்து அடிக்கிறது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஆதலின் கிளையில் அமர்ந்து தலையாட்டும் சிட்டுக்கு 1000இல் ஒரு பங்கும், பறக்கும் சிட்டுக்கு 2000 முதல் 3200 வரையிலான பங்கும் பொருத்தமான தொடக்கமாகும். உடலும் கண்ணும் தெளிவாக இருந்து சிறகின் நுனி மட்டும் சற்றே மங்கியிருந்தால் அதனைக் குறையெனக் கொள்ளவேண்டா. பறவை பறந்தது என்பதற்கு அதுவே சான்று.

இவ்வேட்கை இன்று தோன்றியதன்று. இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி நுழைந்து உருவம் காட்டும் முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இப்னுல் ஹைத்தம் ஆராய்ந்தார். 1882இல் பிரான்சின் மாரே என்பவர் துப்பாக்கி வடிவில் ஒரு கேமரா செய்து, ஒரு நொடியில் 12 படங்களாகப் பறவையின் பறத்தலைப் பதிவு செய்தார். 1930களில் அமெரிக்காவின் எட்ஜர்டன் உருவாக்கிய மின்னணு ஃபிளாஷ், ஓசனிச்சிட்டின் சிறகடிப்பையே நிறுத்திக் காட்டியது.

கருவிகள்

கருவியைப் பற்றி மிகுதியாகப் பேசுவது இக்கலையில் எளிது, பயன் குறைவு. எனினும் அடிப்படைகளை அறிதல் வேண்டும்.

சிறு பறவைக்கு நெடுந்தொலைவு லென்ஸ் தேவை. 400 மி.மீ. என்பது நல்ல தொடக்கம். லென்ஸ் நீள நீளக் கைந்நடுக்கமும் பெருகும் என்பதால், 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடிக்கும்போது ஷட்டர் வேகம் 400இல் ஒரு பங்குக்குக் கீழே செல்லலாகாது என்பது பழைய விதி. லென்ஸில் நடுக்கம் தவிர்க்கும் வசதி இருப்பினும் அது நம் கையின் நடுக்கத்தையே தணிக்கும். பறவையின் துடிப்பைத் தணிக்காது.

ஷட்டர் விரைந்தால் உள்ளே வரும் ஒளி குறையும். அதனை ஈடுசெய்ய அபெர்ச்சரை எஃப் 5.6 அளவில் திறந்துவைத்து, ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்தவேண்டும். ஃபிலிம் காலத்தில் 100 அல்லது 400 என்ற எண்ணுடன் போராடினார்கள். இன்றைய டிஜிட்டல் கருவிகளில் 1600, 3200 என உயர்த்தினாலும் படம் கெடுவதில்லை. சிறிது புள்ளி தெறித்த தெளிவான படம், புள்ளியில்லாத மங்கலான படத்தினும் மேலானது.

ஃபோகஸ் எப்போதும் பறவையின் கண்ணில் அமையவேண்டும். நகரும் பொருளைத் தொடர்ந்து பின்பற்றும் ஆட்டோ ஃபோகஸ் முறையைத் தெரிவு செய்தல் நலம். இன்றைய மிர்ரர்லெஸ் கேமராக்களுள் பல, பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பற்றுகின்றன. சில கருவிகள், பொத்தானை முழுதும் அழுத்துவதற்குச் சற்று முன் நிகழ்ந்ததையும் சேமித்துத் தருகின்றன. ஒரு ஃபிலிம் சுருளில் 36 படங்களே எடுக்கமுடிந்த காலம் போய், நொடிக்கு 10, 20 படங்கள் என எடுக்கும் காலம் வந்துவிட்டது. ஆயினும் எங்கே நிற்பது, எப்போது எடுப்பது என்பதை எந்தக் கருவியும் சொல்வதில்லை. அதனைப் பறவைதான் சொல்லும்.

பறவையின் பழக்கமே வழிகாட்டி

சிறு பறவையைத் துரத்திப் படமெடுக்க முயல்வது தொடக்கநிலையினர் எல்லாரும் செய்யும் பிழையாகும். துரத்தத் துரத்த அது விலகும். அது வரும் இடத்தை அறிந்து நாம் முன்னரே சென்று அமர்வதே முறை.

பஞ்சுருட்டானை எடுத்துக்கொள்வோம். சிங்காநல்லூர்க் குளக்கரையிலும், சூலூர்ப் பக்கத்துத் தோட்டங்களின் மின்கம்பிகளிலும் பச்சைப் பஞ்சுருட்டானைக் காணலாம். அது கம்பியிலிருந்து அம்பெனப் பாய்ந்து தேனீயைப் பிடித்து, பெரும்பாலும் புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவந்து, இரையைக் கம்பியில் அடித்து உண்ணும். ஆகவே அது பறந்துபோகும்போது அதன் பின்னே கேமராவைச் சுழற்றவேண்டியதில்லை. அமர்ந்திருந்த இடத்திற்கு ஒரு சாண் முன்னால் ஃபோகஸை நிறுத்திக் காத்திருந்தால், சிறகை விரித்து அலகில் இரையுடன் அது தானே நம் படத்திற்குள் வரும். ஈப்பிடிப்பான்களுக்கும் இம்முறை பொருந்தும்.

தேன்சிட்டு பூவைத் தேடி வருவது. செம்பருத்தி, கல்யாணமுருங்கை, வாழைப்பூ ஆகியவற்றிற்கு அது திரும்பத் திரும்ப வரும். கொத்தின் நடுவிலுள்ள பூவை விடுத்து, ஓரத்தில் தனித்து நிற்கும் பூவொன்றைத் தெரிந்து, அதன் பின்புலம் தொலைவில் இருக்குமாறு நம் இடத்தை அமைத்துக்கொள்ளவேண்டும். ஊதாத் தேன்சிட்டின் ஆண், நிழலில் வெறும் கரும்பறவையாகவே தோன்றும். அதன் நீலமும் ஊதாவும் இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் தெறிப்பதால் விளைபவை. கதிரவன் நமக்குப் பின்னால் இருந்து, பறவையும் தலையைச் சற்றுத் திருப்பினால்தான் அந்நிறம் பற்றி எரியும். அக்கணத்திற்கே காத்திருக்க வேண்டும்.

தையல்சிட்டும் கதிர்க்குருவியும் புதருக்குள் உலவுபவை. புதருக்குள் லென்ஸை நுழைத்துத் தேடினால் இலையே கிட்டும். கதிர்க்குருவி இனப்பெருக்கக் காலத்தில் புதரின் உச்சிக்கு வந்து பாடும். தையல்சிட்டின் குரல் அதன் உடலினும் பெரிது. குரல் எத்திசையில் நகர்கிறது என்று கேட்டு, அத்திசையில் புதர் முடியும் ஓரத்தில் காத்திருந்தால் ஒரு கணமேனும் அது வெளிப்படும்.

குளிர்காலத்தில் வலசை வரும் தகைவிலான்கள் குளத்து நீரை உராய்ந்து பறக்கும்போது பெரும்பாலும் ஒரே தடத்தில் போய் வருகின்றன. ஐந்து நிமிடம் கேமராவைத் தொடாமல் அத்தடத்தைப் பார்க்கவேண்டும். பறவை தொலைவில் சிறியதாக இருக்கும்போதே லென்ஸில் அதைப் பற்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பியவாறு பின்தொடர்ந்து, நேரெதிரே வரும்போது பொத்தானை அழுத்தி, அழுத்திய பின்னும் திருப்புவதை நிறுத்தாதிருக்க வேண்டும்.

விலையுயர்ந்த லென்ஸ் வாங்க இயலாத மாணவர்க்கும் ஒரு வழி உண்டு. கோடையில் ஓர் அகன்ற மண்தட்டில் நீர் ஊற்றி, அதன் மேலே ஒரு காய்ந்த குச்சியை நட்டுவைத்தால், குளிக்கவரும் குருவிகள் முதலில் குச்சியில் அமரும். சன்னலின் திரைக்குப் பின்னால் நின்றால் சிறிய லென்ஸே போதும்.

ஒளியும் காற்றும்

காலையின் முதல் இரண்டு மணி நேரமும் மாலையின் இறுதி இரண்டு மணி நேரமும் ஏற்றவை என்பது பொதுவிதி. கொங்கு நாட்டில் இதனுடன் காற்றையும் சேர்த்து எண்ணவேண்டும். பறவை பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும், எதிர்த்தே இறங்கும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேல்காற்று வீசுகிறது. அப்போது பறவைகள் மேற்கு நோக்கி எழுகின்றன. காலையில் கதிரவனை முதுகில் வைத்து மேற்கே பார்த்து நின்றால் நமக்குக் கிட்டுவது பறவையின் வால்தான். மாலையில் மேற்குக் கதிரவனை முதுகில் வைத்துக் கிழக்கே பார்த்து நின்றால், பறவை நம்மை நோக்கி முகத்தில் ஒளியுடன் எழும். ஐப்பசிக்குப் பின் கீழ்காற்று வீசும் காலத்தில் இது மாறும். அப்போது காலையே சிறந்தது. இச்செய்தியை எந்தக் கருவியின் கையேட்டிலும் நாம் படிக்கவில்லை. குளக்கரையில் நின்று கற்றுக்கொண்டோம்.

எம் பிழை

கற்றுக்கொண்டவற்றுள் ஒன்றை மறைக்காமல் இங்கே பதிவு செய்தல் கடமையாகும். சில ஆண்டுகளுக்கு முன், வளைகுடாவில் பணியாற்றும் எம் இளவல் ஒரு கேமராவும் லென்ஸும் அனுப்பிவைத்தார். அவ்வாண்டு துறைக்கு அருகிலிருந்த செடியொன்றில் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. நாரும் சருகும் சிலந்தி நூலும் சேர்த்துப் பின்னிய தொங்கு கூடு. உள்ளே இரு குஞ்சுகள். பெடை இரையுடன் வரும் காட்சியைப் படமாக்க விழைந்தோம். ஆனால் கூட்டின் வாயிலை ஒரு தழைக்கொத்து மறைத்தது. அதனை ஒடிக்க மனமின்றி, நூலால் வளைத்துக் கட்டினோம். ஒடிக்கவில்லை என்பதால் தீங்கு செய்யவில்லை என்றே எண்ணினோம்.

படம் அருமையாக வந்தது. பெடை அந்தரத்தில் நிற்க, இரு செவ்வாய்கள் திறந்திருந்தன. மாணவர்கள் கூடிநின்று பாராட்டினர். அம்மகிழ்ச்சியில் நூலை அவிழ்க்க மறந்து வீடு சென்றோம். மறுநாட் காலை கூடு கிழிந்து தொங்கிற்று. பெடை ஒரு புழுவை அலகில் ஏந்தியவாறு கிளைக்குக் கிளை தாவிக்கொண்டிருந்தது. தோட்ட வேலை செய்யும் பெரியவர் எம்மைப் பார்த்து, "ஏனுங்க ஐயா, மறைவா இருந்த தழைய எதுக்குங்க கட்டி வச்சீங்க? காக்காய்க்கு வழி காட்டுன மாதிரி ஆயிப்போச்சுங்களே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை. அதுவே எமக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அப்படத்தைப் பெரிதாக்கித் துறையில் மாட்டவேண்டுமென்று மாணவர்கள் பன்முறை கேட்டனர். நாம் இசையவில்லை. இந்த மலரில் வெளியிடவும் கொடுக்கவில்லை. நாம் எடுத்தவற்றுள் சிறந்த படம் அதுதான். ஆயினும் அது காட்டுவதற்குரிய படமன்று.

கைக்கொள்ள வேண்டிய நெறிகள்

அன்று முதல் எம் மாணவர்க்குச் சில நெறிகளைக் கூறிவருகிறோம்.

முதலாவது, கூட்டையும் குஞ்சையும் படமெடுக்காதிருத்தல். நாம் அடிக்கடி அருகில் சென்றால் தாய்ப்பறவை இரையூட்ட அஞ்சும். நம் நடமாட்டத்தைக் கண்டு காக்கையும் பூனையும் கூட்டைக் கண்டுபிடிக்கும்.

இரண்டாவது, ஓர் இலையையும் விலக்காதிருத்தல். இலை பறவைக்கு வீட்டின் கதவு. இடம் மாறவேண்டியவர் நாமே.

மூன்றாவது, பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதிருத்தல். தன் எல்லைக்குள் பகைவன் புகுந்ததாக எண்ணி அது உண்ணுவதையும் குஞ்சைக் காப்பதையும் விட்டு அலைக்கழியும்.

நான்காவது, பறவை நம்மைக் கண்டு உடலை ஒடுக்கினாலோ, இடைவிடாது எச்சரிக்கைக் குரல் எழுப்பினாலோ பின்வாங்குதல். படம் இல்லாமல் திரும்புவதில் இழிவில்லை.

ஐந்தாவது, காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் வனத்துறையின் இசைவு பெற்றே நுழைதல். ஈரோட்டருகே வெள்ளோடு, திருப்பூரருகே நஞ்சராயன் குளம் ஆகிய பறவைச் சரணாலயங்கள் முறையே 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் ராம்சர் ஈரநிலங்களாக ஏற்பு பெற்றுள்ளன. இப்பெருமையைக் காப்பது நம் அனைவரின் பொறுப்பு.

முடிவுரை

நல்ல படம் ஒன்று எதற்குப் பயன்படும் என்று பெரியவர்கள் கேட்கலாம். நாளும் இடமும் குறித்துவைத்த ஒரு படம், இக்குளத்தில் இப்பறவை இவ்வாண்டு இருந்தது என்பதற்குச் சான்றாகிறது. குளம் தூர்ந்தபின், மரம் வீழ்ந்தபின், என்ன இழந்தோம் என்று அறியவும் அதுவே உதவும். முன்னொரு காலத்தில் பறவையை அடையாளங்காண அதைச் சுட்டு வீழ்த்தினார்கள். இன்று அதனை உயிரோடு விட்டுவிட்டே அறிந்துகொள்ள இயலுகிறது. இவ்வாய்ப்பை மீண்டும் ஒரு வேட்டையாக மாற்றிவிடாதிருத்தல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! கேமரா கையில் வரும்வரை காத்திராதீர்கள். நாளைக் காலை கல்லூரிக்குக் கால்மணி நேரம் முன்னதாக வந்து, நூலகத்திற்கு எதிரேயுள்ள மரத்தடியில் அசையாமல் நில்லுங்கள். எந்தப் பறவை எந்தக் கிளைக்குத் திரும்ப வருகிறது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். மாமலாடனாரிடம் இருந்ததும் அவ்வளவே. தேன்சிட்டு இவ்வாண்டும் துறையின் அருகே கூடு கட்டியுள்ளது. அதன் முன்னே தழை அடர்ந்திருக்கிறது. படமெடுக்க வழியில்லை. நாம் நாள்தோறும் சற்றுத் தொலைவில் நின்று பார்த்துவிட்டு வகுப்பிற்குச் செல்கிறோம்.